இது யார் வீட்டு நாய்?

மாலை ஆறு மணி சுமாருக்குப் பொத்தேரி ரயில்வே ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறீர்களா? ஒரு பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம். இன்னொரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்களின் இரைச்சல். இந்த அமளிக்கு நடுவே, டீக்கடை பெஞ்சுக்கடியில் ஒரு ஜீவன் சுகமாகப் படுத்திருக்கும். பிள்ளைகள் பிஸ்கட் போடுவார்கள். கடைக்காரர் மிச்சமான பன்னைப் போடுவார். "யார் வீட்டு நாய்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்!

வேடிக்கைதான். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஒரு தாய் பட்ட பாட்டை நான் பார்த்தேன். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் எட்டு வயதுப் பையன் ஒருவன். ஒரு நாள் அவன் அம்மா தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, முழங்காலுக்குக் கீழே இரண்டு பல் பதிந்த வடு. "என்னடா இது?" என்றால் பையன் விழிக்கிறான். பிறகு அழுகை. மூன்று நாளைக்கு முன் நாய் கடித்ததாம். சொன்னால் அம்மா திட்டுவாளே என்று மறைத்துவிட்டானாம்!

"எந்த நாய்டா?"

"சிவப்புப் பட்டை கட்டின நாய், அம்மா."

கழுத்தில் பட்டை இருந்தால் வளர்க்கிறவர் ஒருவர் இருக்க வேண்டுமல்லவா? தெரு முழுவதும் விசாரித்தாயிற்று. "எங்கள் நாய் இல்லை" என்றே எல்லோரும் சொன்னார்கள். நேற்றுவரை அதற்குச் சோறு வைத்தவர்கூட வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "அந்த நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா?" என்பது. அந்த அம்மாளால் பதில் சொல்ல முடியவில்லை. கண்ணீர்தான் வந்தது.

நல்லவேளை, ஊசிகள் தவறாமல் போடப்பட்டன. பையன் இன்று சைக்கிள் விடுகிறான். ஆனால் அந்த இரவு அவள் தூங்கியிருப்பாளா?

லைசென்ஸ் எதற்கு?

எதிர் வீட்டு அம்மாளிடம் இந்தக் கதையைச் சொல்லி, "உங்கள் சீசருக்கு லைசென்ஸ் வாங்கிவிட்டீர்களா?" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சீசர் எங்கள் வீட்டுக் குழந்தை மாதிரி. குழந்தைக்கு யாராவது லைசென்ஸ் வாங்குவார்களா?"

"லைசென்ஸ் வாங்கமாட்டார்கள், அக்கா. ஆனால் பிறப்புச் சான்றிதழ் வாங்காமல் இருப்பார்களா? தடுப்பூசி அட்டை இல்லாமல் இருப்பார்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. சீசர்தான் இரண்டு தடவை குரைத்தது.

நாய் லைசென்ஸ் என்பது புதிதாக முளைத்த சங்கதி அல்ல. பக்கத்து இலங்கையில் 1901-ஆம் வருஷமே நாய்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்துவிட்டது. இங்கிலாந்தில் நாய் வைத்திருப்பவர்கள் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ் கட்டி லைசென்ஸ் வாங்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. காலம் மாறியும் கட்டணத்தை உயர்த்தவில்லை; வசூலிக்கும் செலவே அதிகம் என்று ஆகி, 1987-ல் அதை எடுத்துவிட்டார்கள். இன்று அங்கே நாயின் தோலுக்கடியில் 'மைக்ரோ சிப்' வைப்பது கட்டாயம்.

நம் சென்னைப் பட்டணத்தில் 2023-ல் கார்ப்பரேஷன் இந்த லைசென்ஸை இணையத்தின் வழியே கொடுக்க ஆரம்பித்தது. கட்டணம் வருஷத்துக்கு 50 ரூபாய். ஒரு முழம் மல்லிகைப் பூவுக்கு முகூர்த்த நாளில் நாம் கொடுப்பதைவிட அதிகம் இல்லை! இருந்தும் வெகு பேர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. ஊரே பதறிற்று. அதற்குப் பிறகுதான் லைசென்ஸ் கேட்டு வந்தவர்கள் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. 2025-ல் கார்ப்பரேஷன் கண்டிப்பைக் கூட்டியது. மைக்ரோ சிப்பும் லைசென்ஸும் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. கெடு நெருங்கியபோது திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம் முதலிய இடங்களில் உள்ள கார்ப்பரேஷன் பிராணி வைத்தியசாலைகளில் நாயும் கையுமாக நீண்ட வரிசை! கெடுவையும் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

அரிசியளவு அடையாளம்

'சிப்' என்றதும் பயந்துவிடாதீர்கள். ஓர் அரிசி மணி அளவுதான் இருக்கும். ஊசி போடுவதுபோலத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் செலுத்திவிடுவார்கள். அதில் பாட்டரி கிடையாது. நாய் எங்கே சுற்றுகிறது என்று அது சொல்லாது. நம் வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்கவும் கேட்காது! அதற்கென்று உள்ள கருவியை அருகே கொண்டுபோனால், பதினைந்து இலக்க எண் ஒன்று தெரியும். அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினால், நாய்க்கு உரியவர் யார், என்று ஊசி போட்டது என்று விளங்கிவிடும். பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, "எங்கள் நாய் இல்லை" என்று சொல்ல வழியில்லை. நாய் காணாமற் போனாலும் வீடு திரும்ப இதுவே துணை.

தெரு நாய்களின் கதை வேறு. முன்காலத்தில் அவற்றைப் பிடித்துக் கொன்றுவிடுவார்கள். பழைய சென்னைவாசிகளைக் கேட்டால் 'நாய் வண்டி'யைப் பற்றிச் சொல்வார்கள். எவ்வளவு கொன்றும் தொகை குறையவில்லை. 1959-ல் சென்னையில் தோன்றிய 'புளூ கிராஸ்' சங்கத்தார், கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து, வெறிநோய் ஊசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று வெகுகாலம் வாதாடினார்கள். 1996-ல் சென்னைக் கார்ப்பரேஷன் அதை ஏற்று ஆரம்பித்தது. 2001-ல் அதுவே நாடு முழுவதற்கும் விதியாயிற்று. 2023-ல் புதிய விதிகள் வந்தன. காது நுனியில் சிறு வெட்டு உள்ள நாயைக் கண்டால், அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் டில்லி நாய்களைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும், வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றை ஊசி போட்டுப் பழைய இடத்திலேயே விடச் சொன்னது. கண்ட தெருவில் சோறு போடாமல், அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் போடவேண்டும் என்றும் சொன்னது. பிறகு நவம்பரில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்ற உத்தரவிட்டது.

குன்னூரில் ஒரு நிலையம்

வெறிநாய்க் கடி என்றால் நம் பாட்டிமார்கள் ஏன் நடுங்கினார்கள்? நோய் கண்டுவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. 1885-ல் பிரெஞ்சு மேதை லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒன்பது வயதுப் பையனுக்குத் தம் ஊசியைப் போட்டுக் காப்பாற்றினார். ஆனால் நம் தேசத்தில் 1900-ல் முதல் பாஸ்டர் நிலையம் வந்தது வடக்கே, கசௌலி மலையில். தெற்கே கடிபட்டவர்கள் அவ்வளவு தூரம் போவதெப்படி? 1902-ல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் வெறிநோயால் இறந்தாள். தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற குரல் ஓங்கியது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸின் நன்கொடையும் சேர, 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. இன்றும் தடுப்பு மருந்துகளுக்குப் பெயர்போன இடம் அது.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இன்று தேவையில்லை. அந்தப் பழைய மருந்தே போய்விட்டது. இப்போது கையில்தான் ஊசி. நான்கைந்து தடவையோடு முடிந்துவிடும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் காசும் கிடையாது.

மறக்கக்கூடாதவை

நாய் கடித்தாலோ, பிறாண்டினாலோ, உடனே குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். கட்டும் போட வேண்டாம். கழுவியதும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். ரத்தம் வந்திருந்தால், தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் உண்டு, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். நாளாகிவிட்டதே என்று விட்டுவிடவும் கூடாது. சொன்ன தேதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது. வீட்டில் வளர்ந்த நாய்க்குட்டிதானே என்றும் இருந்துவிடாதீர்கள்.

நாய் வளர்ப்பவரா நீங்கள்? குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி. பிறகு வைத்தியர் சொன்னபடி வருஷா வருஷம். சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வெளியே கூட்டிப்போனால் சங்கிலி கையில் இருக்கட்டும். சென்னைக் கார்ப்பரேஷன் எல்லை பொத்தேரிவரை வரவில்லை என்பது வாஸ்தவம். வீட்டு வரி ரசீதைப் பாருங்கள். நகராட்சியோ ஊராட்சியோ, எந்த ஆபீஸின் பெயர் இருக்கிறதோ அங்கே போய், நாயைப் பதிவு செய்ய என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். தனியாகப் போவதைவிட நாலு பெண்களாகச் சேர்ந்து போனால் பதில் சீக்கிரம் கிடைக்கும். இது என் அனுபவம்!

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றிரவு சாப்பாடு போடும்போது குழந்தைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: "நாய் கடித்தால் அம்மா திட்டமாட்டேன். உடனே வந்து சொல்லு." உலகம் முழுவதிலும் வெறிநாய் என்று சந்தேகப்படும் பிராணிகளிடம் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்களில் எத்தனை பேர் திட்டுக்குப் பயந்து மறைத்தார்களோ, யார் கண்டது?

போன வாரம் எதிர் வீட்டு அம்மாள் ஒரு சீட்டை நீட்டினார். சீசருக்கு ஊசி போட்ட சீட்டு. கழுத்துப் பட்டையில் சிறு வில்லை ஒன்றும் தொங்கியது; அதில் வீட்டு டெலிபோன் நம்பர்.

"இனிமேல் யார் வீட்டு நாய் என்று கேட்டால், அதுவே பதில் சொல்லும்!" என்றார்.

உங்கள் வீட்டு நாய் என்ன சொல்லும்?