கிட்டார்காரரின் காலடியில் ஒன்பது வோல்ட்

பிளவக்கல் அணைக்குக் கீழே கூமாப்பட்டி, வத்திராயிருப்பு பக்கத்து ஊர்களில் அம்மன் கோயில் பொங்கல் என்றால் ராத்திரி மெல்லிசைக் கச்சேரி வைப்பார்கள். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். சீரியல் செட், போகஸ் விளக்கு, ரேடியோ செட்டின் ஆம்ப், கீபோர்டு எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் கரண்ட். கடைசி ஜங்ஷன் பாக்ஸில் கிட்டார்காரரின் அடாப்டருக்கும் ஓர் இடம் கிடைக்கும். அவர் டிஸ்டார்ஷன் பெடலை மிதிப்பார். தந்தியில் விரல் படுவதற்கு முன்பே ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் கிளம்பும்.

இந்த உறுமலுக்குக் கணக்கு உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைகிறது. அடாப்டர் அதை டி.சி.யாக மாற்றும்போது நொடிக்கு 100 சிற்றலைகள் மிஞ்சும். நல்ல அடாப்டரில் கெப்பாசிட்டரும் ரெகுலேட்டரும் அவற்றை வழித்தெடுத்துவிடும். மலிவான அடாப்டரில் அலை அப்படியே பெடலுக்குள் நுழையும். கிட்டார் பிக்கப் அனுப்பும் சிக்னலோ பெரும்பாலும் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குதான். அதை நூறு மடங்குக்கு மேல் பெருக்குவது டிஸ்டார்ஷன் பெடலின் வேலை. சிக்னலோடு சேர்ந்து அழுக்கும் பெருகுகிறது. ஒரே அடாப்டரிலிருந்து ஐந்தாறு பெடலுக்குக் கிளை எடுத்தால், டிஜிட்டல் டிலே பெடலின் ‘கீச்’ சத்தமும் பொது வயர் வழியாகப் பக்கத்துப் பெடலில் ஏறிக்கொள்ளும்.

பேட்டரியில் அலையே கிடையாது. ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனி பேட்டரி போட்டால், ஒன்றின் சத்தம் மின் இணைப்பு வழியாக இன்னொன்றுக்குப் போகவும் வழியில்லை.

டிஸ்டார்ஷன் பெடல்கள் பிறந்ததே பேட்டரியோடுதான். 1962இல் வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் பெடல் சாதாரண டார்ச் செல்லைப் போன்ற 1.5 வோல்ட் செல்களில் ஓடியது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் வாசித்த கரகரப்பு அந்தப் பெட்டியிலிருந்து வந்தது. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்காக 1950களில் வந்த 9 வோல்ட் பேட்டரி பிறகு பெடல்களின் பொது அளவாக நிலைத்தது. எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ‘ஹெச்.டபிள்யூ. பேட்டரி’ என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். கர்நாடகக் கச்சேரிக்கும் இது புதிதல்ல. கரண்ட் போனாலும் சுருதி அறுந்துவிடக் கூடாது என்பதற்காக எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டிகள் பலவற்றிலும் பேட்டரிக்கு இடம் வைத்திருக்கிறார்கள்.

ஒரு பெடலைத் திறந்து பார்க்கலாம். அடித்தகடைக் கழற்றினால் சட்டைப் பொத்தான் போல இரண்டு உலோகக் குமிழ்கள் உள்ள பேட்டரி, அதன் தலையைக் கவ்விய கிளிப், சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர். சிவப்பு நேராக சர்க்யூட் போர்டுக்குப் போகும். கறுப்பு வயர் மட்டும் கிட்டார் கேபிளைச் செருகும் இன்புட் ஜாக்கைச் சுற்றிக்கொண்டு போகும். அந்த ஜாக்கில் மூன்று தொடுமுனைகள் இருக்கும். கேபிளின் பின் உள்ளே போனதும் அதன் உலோக உடல் இரண்டு முனைகளை ஒன்றாகத் தொடும், சுற்று முழுமையாகும். ஆக, கேபிளைச் செருகுவதே சுவிட்ச் போடுவது. காலால் மிதித்துப் பெடலை அணைத்தாலும் பேட்டரி செலவாகிக்கொண்டுதான் இருக்கும். மத்தியானம் சவுண்ட் செக் முடித்துவிட்டுக் கேபிளைப் பிடுங்காமல் சாப்பிடப் போனவருக்கு ராத்திரி பத்து மணிக்கு டிலே பெடல் கைவிரிப்பது இதனால்தான்.

எவ்வளவு நேரம் தாங்கும்? நல்ல ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி. சாதாரண ஓவர்டிரைவ் பெடல் 8 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். கணக்குப்படி 60 மணி நேரம். டிஜிட்டல் டிலே 60 மில்லி ஆம்பியர் இழுத்தால் அதே பேட்டரி எட்டு மணி நேரம்தான் வரும். வோல்ட் இறங்க இறங்க டிஜிட்டல் பெடல் திடீரென்று நின்றுவிடும். பழைய பாணி ஃபஸ் பெடலின் குணம் வேறு. பேட்டரி தளரும்போது அதன் ஒலியும் மெல்ல மாறும். அந்த மாற்றத்தையே விரும்பி, மலிவான கார்பன் பேட்டரி தேடி வாங்குகிறவர்கள் உண்டு. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் எரிக் ஜான்சன் பேட்டரியின் பிராண்டு மாறினாலே காதில் தெரியும் என்று சொல்பவராகப் பேர் பெற்றவர்.

ஓவர்டிரைவ் 8, கோரஸ் 20, டிலே 60 என மூன்று பெடல் வைத்திருப்பவருக்கு மொத்தம் 88 மில்லி ஆம்பியர் வேண்டும். யு.பி.எஸ்.ஸில் போடும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரியோடு 7809 என்ற மூன்று கால் ரெகுலேட்டரைச் சேர்த்தால் சுத்தமான 9 வோல்ட் கிடைக்கும். பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் ஓட்டினாலே ஏறக்குறைய 40 மணி நேரம். சுமை இரண்டு கிலோவுக்கு மேல். பேட்டரியின் முனையருகே 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்; இந்தப் பேட்டரி ஷார்ட் ஆனால் வயரையே எரித்துவிடும். இன்னொரு வழி பவர் பேங்க். உறையில் போட்டிருக்கும் 10,000 மில்லி ஆம்பியர் மணி என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 9 வோல்ட்டாக உயர்த்தி, இழப்பையும் கழித்தால் சுமார் 3,000 தேறும். அதுவும் 30 மணி நேரத்துக்கு மேல் வரும், எடையும் குறைவு. ஆனால் இழுக்கும் கரண்ட் குறைவாக இருந்தால் சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். வோல்ட்டை உயர்த்தும் மலிவான சர்க்யூட் புதிதாக ஓர் இரைச்சலைக் கொண்டுவருவதும் உண்டு. வாங்கியதும் வீட்டில் ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்த பிறகே மேடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பேட்டரியால் தீராத உறுமலும் இருக்கிறது. சிங்கிள் காயில் பிக்கப் விளக்குகளின் மின்காந்த இரைச்சலைக் காற்றிலிருந்தே வாங்கும். ஆம்ப்பும் மிக்ஸரும் வெவ்வேறு எர்த்தில் இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஓடும் கரண்ட் உறுமும், அதற்கு எர்த் இணைப்பைப் பிரிக்கும் டி.ஐ. பாக்ஸ் வைக்க வேண்டும். உறுமலை நிறுத்துகிறேன் என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்களை மேடைதோறும் பார்க்கலாம். இது உயிரோடு விளையாடுவது. பெடல் பேட்டரியில் ஓடினாலும் கிட்டார் தந்திகள் கேபிள் வழியாக ஆம்ப்பின் உடலோடு சேர்ந்தே இருக்கின்றன. ஆம்ப்பில் கசிவு இருந்தால், மைக்கை உதடு தொடும் அந்தக் கணத்தில் ஷாக் கிட்டார் வாசித்தபடி பாடுகிறவரின் உடம்பு வழியாகப் பாயும்.

கச்சேரிக்கு முன் மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பது அரை நிமிட வேலை. புது ஆல்கலைன் பேட்டரி 9 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டும். எட்டுக்குக் கீழே வந்துவிட்டதென்றால் டிலேயிலிருந்து எடுத்து ஓவர்டிரைவில் போடலாம். அங்கே இன்னும் சில கச்சேரிக்கு ஓடும். கச்சேரி நடுவில் ஜெனரேட்டர் நின்றுவிட்டால், ஆள் ஓடிப்போய்த் திரும்ப ஸ்டார்ட் செய்யும்வரை மேடை முழுக்க இருட்டு. கிட்டார்காரரின் காலடியில் மட்டும் பெடல்களின் மூன்று சிவப்புப் புள்ளிகள் எரிந்துகொண்டிருக்கும். கரண்ட் வந்து கீபோர்டுக்காரர் தன் டோனைத் திரும்பத் தேடிக்கொண்டிருக்கும்போது, கிட்டார்காரர் விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியிருப்பார்.