பாண்ட் வாத்தியமும் எமது பெண் பிள்ளைகளும்

முதலாந் தவணை தொடங்கிவிட்டால் எமது பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் களைகட்டிவிடும். பிற்பகல் வேளையில் பாடசாலை வீதியால் போகிறவர்களின் காதில் முதலில் விழுவது பாண்ட் வாத்தியச் சத்தம்தான். பிரதம விருந்தினரை வாசலிலிருந்து அழைத்து வருவதும், இல்லங்களின் அணிநடைக்குத் தாளம் கொடுப்பதும் அந்தக் குழுதான். மகளிர் பாடசாலையென்றால் ட்ரம் அடிப்பவர், ட்ரம்பெற் ஊதுபவர், கோலைச் சுழற்றி முன்னே நடப்பவர் எல்லோரும் பெண் பிள்ளைகள். இறகு வைத்த தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக அவர்கள் போவதைப் பார்த்து "நல்ல வடிவு" என்று சொல்லிவிட்டு நாம் வீடு திரும்பிவிடுகிறோம். அந்தப் பிள்ளைகள் இதில் எதைப் பெறுகிறார்கள், எதைக் கொடுக்கிறார்கள் என்று யோசிப்பதில்லை.

நானும் தரம் 8 முதல் க.பொ.த. சாதாரண தரம் வரை சைட் ட்ரம் அடித்தவள். தோளிலிருந்து இடது தொடைக்கு மேல் சரிந்து தொங்கும் அந்த ட்ரம்மைச் சுமந்தபடி நேராக நடப்பதற்கே ஒரு மாதம் பழக வேண்டும். பெரிய ட்ரம்மின் அடி விழும்போது எல்லோருக்கும் இடது கால் நிலத்தில் இருக்க வேண்டும். ஒருத்தி பிசகினால் முழு வரிசையும் குலைந்துவிடும். ட்ரம்பெற் ஊதும் பிள்ளைகளின் பாடு இன்னும் கடினம். அதிலுள்ள விசைகள் மூன்றே மூன்றுதான். மற்றெல்லாம் உதட்டின் இறுக்கத்தாலும் வயிற்றிலிருந்து எழும் மூச்சாலும் வருவது. முதற் கிழமைகளில் வெறுங் காற்றுத்தான் வரும்.

வீட்டில் "மெல்லக் கதை, மெல்லச் சிரி, சத்தம் போடாமல் நட" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, மைதானத்தில் பயிற்றுநர் "காணாது, இன்னும் பலமாக ஊது" என்கிறார். பெண்ணை அடக்கமாக வளர்க்கும் சமூகமயமாக்கலைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் பக்கம் பக்கமாகப் படித்தேன். அதற்கு எதிர்த்திசையில் ஒரு பிள்ளையைப் பழக்கும் இடம் பாடசாலையில் வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு விடயமும் கவனிக்கத்தக்கது. எமது மண்ணில் வாத்தியம் என்பது சாதியோடும் பால்நிலையோடும் பிணைந்தது. பறை இன்னாருக்கு, தவிலும் நாதஸ்வரமும் இன்னாருக்கு என்று வகுத்து வைத்திருந்தோம். அளவெட்டி, இணுவில் போன்ற ஊர்கள் பெரும் தவில், நாதஸ்வரக் கலைஞர்களைத் தந்தன. ஆயினும் அந்த மேடைகளில் பெண்ணைக் காண்பது அரிது. தமிழ்நாட்டில் மதுரை பொன்னுத்தாய் நாதஸ்வரம் வாசித்துப் புகழ்பெற்றது இன்றும் வியப்பாகப் பேசப்படுவதற்குக் காரணம் அதுவே. மேலைத்தேய பாண்ட் வாத்தியமோ வெளியிலிருந்து வந்தது. எந்தச் சாதியின் பெயரும் அதில் ஒட்டியிருக்கவில்லை. பறையைத் தொடவும் கூசும் வீட்டுப் பிள்ளையும், பறை அடித்தவரின் பேத்தியும் ஒரே வரிசையில் ட்ரம் தூக்கி நடக்க முடிந்தது. வீட்டுக்குப் போனபின் அதே ஒற்றுமை இருந்ததா என்பது வேறு கதை.

ஆனால் இந்த வரிசைக்குள் எல்லாப் பிள்ளைகளாலும் வர முடிவதில்லை. வேலை நிமித்தம் நான் சந்தித்த ஒரு தாய் கணவனை இழந்தவர். தோட்டங்களில் கூலிக்கு வெங்காயம் நடுபவர். மகள் மெலோடிக்கா வாசிக்கத் தெரிவாகியிருந்தாள். சீருடை, சப்பாத்து, தொப்பி என்று பாடசாலை கொடுத்த பட்டியலைக் கண்டதும், "பிள்ளை, உது எங்களுக்குச் சரிவராது" என்று தாயே பெயரை வெட்டச் சொல்லிவிட்டார். மகள் அழவில்லையாம். அடுத்த நாள் வகுப்புக்குப் போகவில்லை, அவ்வளவுதான். வேறு வீடுகளில் ரியூசன் தடையாக நிற்கிறது. பேர்த்தி பெரியபிள்ளையானதும் "இனி ஊதினால் வயிற்றுக்குக் கூடாது" என்று ட்ரம்பெற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன ஓர் அம்மம்மாவையும் நான் அறிவேன். இந்தப் பயத்துக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. குடும்ப நலத் தாதியைக் கொண்டு விளங்கப்படுத்திய பின்னரே அவர் சமாதானமானார்.

செலவுக்கு வழி இல்லாமல் இல்லை. அந்த மெலோடிக்காப் பிள்ளையின் பாடசாலையில் பழைய மாணவிகள் சிலர் சேர்ந்து சீருடைகளைத் தைப்பித்துப் பாடசாலைக்கே கொடுத்துவிட்டார்கள். ஓரத்தில் துணி மடித்து விட்டுத் தைத்தபடியால் அளவைக் கூட்டிக் குறைக்கலாம். ஆண்டு முடிவில் கழுவி அலுமாரியில் வைக்கிறார்கள். அந்தப் பிள்ளை மூன்று மாதம் பிந்தி வந்து சேர்ந்துகொண்டாள்.

என்னைக் கோபப்படுத்துவது வேறொன்று. பாண்ட் குழுவைப் பலர் வரவேற்புப் பந்தலின் ஓர் அலங்காரமாகவே பார்க்கிறார்கள். கட்டடத் திறப்பு விழா, பரிசளிப்பு விழா, அரசியல்வாதியின் வருகை எதுவானாலும் "பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்துங்கோ" என்கிறார்கள். ஒன்பது மணிக்கு வரவேண்டிய விருந்தினர் பதினொரு மணிக்கு வருவார். அதுவரை பிள்ளைகள் வெயிலில் நிற்பார்கள். காலையில் சாப்பிடாமல் வந்தவள், இரத்தச்சோகை உள்ளவள், மாதவிடாய் நாளில் வெள்ளைச் சீருடையோடு மலசலகூடத்துக்குப் போகவும் கேட்கக் கூசுபவள், எல்லோரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். மயங்கி விழுந்தால் நிழலில் கிடத்திச் சோடா கொடுப்பார்கள். அன்றைய பாடங்கள் போனது போனதுதான். பெண் பிள்ளையின் வகிபாகம் விருந்தினரை வரவேற்பதே என்ற எண்ணம், கையில் ட்ரம்பெற் இருந்தாலும் எம்மை விட்டுப் போவதில்லை.

ஆண்கள் பாடசாலைகளைப் பாருங்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு தொடங்கி ஆடிவரும் 'வடக்கின் பெரும் போர்' கிரிக்கெற் ஆட்டத்தை வாத்தியச் சத்தம் இல்லாமல் நினைக்க முடியுமா? தெற்கின் பெரும் ஆட்டங்களில் பப்பரே வாத்தியக்காரர் இல்லாவிட்டால் சனத்துக்கு ஆட்டமே ருசிக்காது. அந்த வாத்தியம் விருந்தினருக்கு உரியதல்ல. விளையாடுகிற பெடியனுக்கு, "உன் பின்னால் நாங்கள் நிற்கிறோம்" என்று சொல்லும் வாத்தியம்.

அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளில் 'பெப் பாண்ட்' என்று ஒன்று உண்டு. பாடசாலை வாத்தியக் குழுவிலிருந்து ஒரு சிறு கூட்டம் கூடைப்பந்தாட்டத்தில் பார்வையாளர் பக்கம் இருந்துகொண்டு, இடைவேளைகளில் வாசித்து அணியை உற்சாகப்படுத்தும். அங்கும் முன்னர் இந்தக் கூட்டம் பெரும்பாலும் ஆண்களின் ஆட்டத்துக்கே போனது. அரச நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாதென 1972இல் அங்கு சட்டம் வந்தது. அதன் வழியாக, பெண்களின் ஆட்டத்துக்கு ஏன் பாண்ட் போகவில்லை என்பதும் கேட்கக்கூடிய கேள்வியாயிற்று. வாத்தியம் யாருக்காக ஒலிக்கிறது என்பதும் ஒரு சமத்துவப் பிரச்சினைதான் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

எமது பாடசாலைகளின் வலைப்பந்தாட்ட அணிகள் வலய மட்டம், மாவட்ட மட்டம் என்று போகின்றன. கூடப் போவது ஒரு ரீச்சரும் ஒரு தண்ணீர்ப் போத்தற் பெட்டியும். நான் மேலே சொன்ன பாடசாலையில் மாணவிகளோடு ஒருநாள் கலந்துரையாடியபோது இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு வலைப்பந்து அணித் தலைவியே, "மிஸ், எங்களுக்கு ஒருத்தரும் அடிச்சதில்லை" என்றாள். அதே பாண்ட் குழு முந்திய மாதம் அயலிலுள்ள ஆண்கள் பாடசாலையின் விழாவுக்குப் போய் வந்திருந்தது.

அடுத்த வலய மட்டப் போட்டிக்கு அதிபரிடம் அனுமதி பெற்று இரண்டு சைட் ட்ரம், ஒரு பெரிய ட்ரம், ஒரு ட்ரம்பெற் கொண்டு போனார்கள். தொப்பி, இறகு இல்லை. சாதாரணப் பாடசாலைச் சீருடையோடு மரநிழலில் உட்கார்ந்துதான் வாசித்தார்கள். முதலில் எதிரணிப் பாடசாலையின் ஆசிரியை முகம் சுளித்தார். பிற்பாடு அவரது பிள்ளைகளும் தாளத்துக்குக் கை தட்டினார்கள். எங்கள் அணி இரண்டு புள்ளிகளால் தோற்றது. வரும்போது பஸ் முழுக்க ட்ரம் சத்தம்தான், சாரதி இரண்டு முறை ஏசினார்.

இந்தத் தவணை எல்லே போட்டிக்கும் போகப் போகிறார்களாம். பெரிய ட்ரம்மை ஏற்றச் சம்மதிக்கும் வாகனம்தான் இன்னும் கிடைக்கவில்லை.