குறட்டைக் கருவி வாங்குகிறீர்களா? முகமூடியை முதலில் பாருங்கள்!

மும்பை:

குறட்டை விடுகிறவர் சுகமாகத் தூங்குகிறார் என்று பக்கத்தில் படுத்திருப்பவர் நினைப்பது வழக்கம். பல சமயங்களில் அது உண்மை அல்ல.

சத்தமாக வந்துகொண்டிருந்த குறட்டை திடீரென்று நின்றுவிடும். சில வினாடிகள் மூச்சே இராது. பிறகு அந்த ஆள் திணறி, பெரிய மூச்சாக இழுத்து, மறுபடியும் குறட்டையைத் தொடங்குவார். தாராவியிலும் செம்பூரிலும் ஒரே அறையில் ஆறேழு பேர் படுப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

இதைத்தான் டாக்டர்கள் "ஸ்லீப் அப்னியா" என்கிறார்கள். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகிறது. மூச்சு 10 வினாடியோ அதற்கு மேலோ தடைப்பட்டால் அதை ஒரு தடவை என்று கணக்கிடுவார்கள். மணிக்கு 5 தடவைக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். 30-ஐத் தாண்டினால் நோய் கடுமை.

இரவு முழுவதும் படுத்திருந்தும் காலையில் தலைவலி. லோக்கல் ரயிலில் கைப்பிடியைப் பிடித்தபடியே தூக்கம். ஆபீசில் மேஜை மேல் தலை கவிழும். ரத்த அழுத்தம் ஏறும். டாக்சி, லாரி ஓட்டுகிறவராக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் டாக்டர்கள் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பது "சிபாப்" என்ற கருவி. அது காற்றை ஓர் அழுத்தத்தில் குழாய் வழியாக அனுப்பும். அந்தக் காற்று தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கும். குழாயின் மறுமுனையில் இருப்பது முகமூடி.

கட்டிலுக்கு அடியில்!

பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய இந்தக் கருவி, எத்தனையோ வீடுகளில் சில வாரங்களில் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. "மாட்டினால் தூக்கம் வரவில்லை", "கண்ணில் காற்று அடிக்கிறது", "மூக்கு புண்ணாகிவிட்டது" என்பார்கள். குற்றம் பெரும்பாலும் கருவியில் இல்லை. முகத்துக்குப் பொருந்தாத முகமூடியில்தான் இருக்கிறது.

கருவிக்கு நாலு கடை ஏறி விலை கேட்கிறவர்கள்கூட, முகமூடியைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடியே வாங்கி வந்துவிடுகிறார்கள். செருப்பு வாங்கும்போது காலை நுழைத்து, நாலு அடி நடந்து பார்ப்பவர்கள்தான் இவர்களும்!

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாக்டர் காலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையை 1981-ம் ஆண்டு உலகுக்கு அறிவித்தார். அப்போது சிகிச்சை பெற்றவர்கள் 5 பேர். அந்தத் தொடக்க காலத்தில் நோயாளியின் மூக்கை அச்செடுத்து முகமூடி செய்தார்கள். அதை இரவுதோறும் பசை போட்டு முகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இன்று பசை இல்லை. மெத்தென்ற சிலிக்கான் விளிம்பும், தலையைச் சுற்றிப் பட்டையும் வந்துவிட்டன. அளவும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று கிடைக்கிறது.

மீசைக்காரர்கள் கவனிக்க!

மூக்கை மட்டும் மூடும் முகமூடி ஒரு வகை. மூக்குத் துவாரங்களில் இரண்டு சிறு மெத்தைகள் பொருந்தும்படி செய்தது இன்னொரு வகை. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது மூன்றாவது.

மூக்கு வழியாக மூச்சு விட முடிகிறவர்களுக்கு முதலில் மூக்கு வகையைத்தான் பல டாக்டர்கள் சொல்கிறார்கள். அடர்ந்த மீசை உள்ளவர்களுக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. முகமூடியின் கீழ் விளிம்பு மேலுதட்டில்தான் உட்காரும். மீசை நடுவில் இருந்தால் காற்று கசியும். மீசையை எடுக்கச் சொன்னால் நம்மவர்களில் எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? அவர்கள் துவாரத்தில் பொருந்தும் வகையைப் போட்டுப் பார்க்கலாம். கண்ணை மறைக்காது. படுத்தபடி பேப்பர் படிக்கலாம். மூடிய இடத்தில் பயம் வருகிறவர்களுக்கும் இது ஏற்றது. ஆனால் டாக்டர் குறித்த அழுத்தம் அதிகமாக இருந்தால் மூக்கில் எரிச்சல் தரலாம். அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 வரை இருக்கும். தமக்கு எத்தனை என்று சீட்டில் பார்த்துக்கொள்வது நல்லது.

வாயைத் திறந்து தூங்குகிறவர்களுக்குப் பெரிய முகமூடி. இது கனம் அதிகம். விளிம்பு நீளமாக இருப்பதால் கசிவதற்கு இடமும் அதிகம். சபரிமலைக்கு மாலை போட்டுத் தாடி வளர்க்கிறவர்களுக்கு அந்த நாட்களில் இது சரியாகப் பதியாது. இரவில் பல் செட்டைக் கழற்றி வைப்பவர்கள், கழற்றிய பிறகே அளவு பார்க்க வேண்டும்.

மூக்கடைப்பு இருப்பதால்தான் பலர் வாயால் மூச்சு விடுகிறார்கள். அதற்கு முதலில் வைத்தியம் செய்துகொண்டால் சிறிய முகமூடியே போதுமானதாகிவிடலாம்.

படுத்துப் பாருங்கள்

கடையில் நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிப் பார்ப்பதில் பயன் இல்லை. படுத்தால் முகத்தின் சதை நகரும். கருவியை ஓடவிட்டு, வழக்கமாகப் படுக்கும் பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பார்க்க வேண்டும். கால் மணி நேரமாவது வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பார்க்கலாம். ஏனென்றால், உறையைப் பிரித்து உபயோகித்த முகமூடியை யாரும் எளிதில் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை.

காற்று கசிந்தால் பட்டையை இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. அது தவறு. இறுக்கினால் விளிம்பு நசுங்கி மேலும் கசியும். மூக்குத் தண்டில் புண்ணும் வரும். பட்டையைச் சற்றுத் தளர்த்தி, காற்று வரும்போதே முகமூடியை லேசாகத் தூக்கி மறுபடி உட்கார வைத்தால் தானாகப் பதியும்.

எண்ணெய் வடியும் முகத்தில் எந்த முகமூடியும் வழுக்கும். படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முகமூடியின் மெத்தையையும் தினமும் இளஞ்சூட்டு நீரில், காரமில்லாத சோப்பினால் கழுவ வேண்டும். டெட்டால், ஸ்பிரிட் கூடாது.

முகமூடியில் சிறு துளைகள் இருக்கும். "உஸ்" என்ற சத்தம் அங்கிருந்துதான் வரும். பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் காற்று அடிக்கிறது என்று சிலர் பிளாஸ்திரி ஒட்டி அடைத்துவிடுகிறார்கள். இது பெரிய ஆபத்து! வெளிவிட்ட கெட்ட காற்று போகும் வழி அதுதான். தலைமாட்டை மாற்றிப் படுத்தால் தீர்ந்துவிடும் சங்கதி இது.

மின்சாரம் நின்றால் மூச்சு முட்டுமோ என்ற பயமும் பலருக்கு உண்டு. மூக்கு வகையில் வாய் திறந்தே இருக்கிறது. வாயையும் மூடும் வகையில், காற்று நின்றதும் தானே திறந்துகொள்ளும் வால்வு உண்டு. வாங்கும்போது அதைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்.

சில முகமூடிகளின் பட்டையில் காந்தக் கொக்கி இருக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் போன்ற கருவி வைத்திருப்பவர்களுக்கு இது ஆகாது என்று 2022-ல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பக்கத்தில் படுப்பவருக்கு அக்கருவி இருந்தாலும் இதே எச்சரிக்கைதான்.

பாயில் படுப்பவர்கள்

பாயில் படுப்பவர்கள் கருவியை ஸ்டூல் மேலோ அலமாரியிலோ வைக்கக் கூடாது. ஈரப்பதம் தரும் தண்ணீர்த் தொட்டி அதில் இருந்தால், தலையைவிட உயரத்தில் வைக்கும்போது தண்ணீர் குழாய் வழியாக முகத்துக்கு இறங்கும். தரையிலேயே, சாயாமல், சுத்தமான பலகை மேல் வைத்துக்கொள்ளலாம். தூசி வடிகட்டியை மட்டும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

முதல் நாளே எட்டு மணி நேரம் போட்டுத் தூங்கிவிட வேண்டும் என்று முயல்வதைவிட, மாலையில் டெலிவிஷன் பார்க்கும்போது அரை மணி மாட்டிப் பழகுவது நல்லது. பல கருவிகளில் அழுத்தம் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏறும் வசதியும் இருக்கிறது. இரண்டு வாரம் பழகியும் ஒத்துவராவிட்டால் டாக்டரிடம் சொல்லி முகமூடியின் வகையை மாற்றிக் கேட்க வேண்டும். சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

பிறர் உபயோகித்த முகமூடியை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க வேண்டாம். மெத்தை மட்டும் தேய்ந்திருந்தால் அதைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம். ஆபீசிலிருந்தோ இன்சூரன்சிலிருந்தோ பணம் திரும்பப் பெற நினைப்பவர்கள் வாங்குவதற்கு முன்பே அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ரசீதில் கருவி, குழாய், முகமூடி மூன்றையும் தனித்தனியே விலை போட்டு எழுதச் சொல்லி வாங்க வேண்டும்.