சுமையைப் படிப்படியாக ஏற்றுதல்

சுமை இருமடங்காயின் சுருள்வில்லின் நீட்சியும் இருமடங்காகும் என்னும் நியதியை 1678 ஆம் ஆண்டில் றொபேட் ஊக்கு விளக்கி வெளியிட்டார். இந்நியதி நிலவும் எல்லைக்குள் எச்சுமையையும் ஒரே முறையிற் கணித்துவிடலாம். ஆயின், உலோகம் தன் மீள்தன்மை எல்லையைக் கடக்கும்போதும், உறுப்புப் பெரிதும் வளையும்போதும், இரு பரப்புக்கள் புதிதாய்த் தொடும்போதும் அவ்விகிதம் குலைந்துவிடும்.

பாலம், இயந்திர உறுப்பு முதலியவற்றைச் சிறு கூறுகளாகப் பகுத்துக் கணிக்கும் முறைக்கு 'முடிவுள்ள மூலகம்' என்னும் பெயரை 1960 இல் அமெரிக்கப் பேராசிரியர் றே கிளவ் வழங்கினார். விகிதம் குலைந்தவிடத்து இம்முறையில் எழும் சமன்பாடுகள் பெரும்பாலும் நியூற்றன்–இரப்சன் முறையாலே தீர்க்கப்படுகின்றன. விடையொன்றை ஊகித்து, அவ்விடத்து வளையியின் தொடலிவழியே சென்று, அதனைத் திருத்திக்கொண்டே போதல் இதன் இயல்பு. ஊகம் மெய்விடைக்குத் தொலைவாயின் திருத்தங்கள் சிதறவுங் கூடும். ஆதலின் சுமை பல படிகளாகப் பகுக்கப்படுகின்றது. ஒரு படியின் விடை அடுத்த படியின் தொடக்கமாகின்றது.

நீட்சியோடு அதன் கனத்தைக் கூட்டிய அளவே தடைவிசையாகவுள்ள வில்லொன்றைக் கொள்க. சுமை 10 ஆயின் நீட்சி 2; ஏனெனில் 2 + 8 = 10. முழுச்சுமையையும் ஒருங்கே ஏற்றினால், தொடக்கத் தொடலியின் சரிவு 1 ஆதலின் முதல் ஊகம் 10 ஆகும். அந்நீட்சிக்குரிய விசையோ 1010! மாறாக, முதலில் 2 அலகு ஏற்றித் திருத்தங்களால் நீட்சி 1 எனக் கண்டால், அவ்விடத்துச் சரிவு 4. எஞ்சிய 8 அலகையும் ஏற்ற ஊகம் 3 ஆகின்றது. இவ்வில்லில் இருவழியும் ஈற்றில் 2 ஐயே அடையும். சிக்கலான அமைப்பில் முதல்வழி விடையை அடையாமலே போதலும் உண்டு.

இது கணிப்பின் வசதிக்காக மட்டுமன்று. நன்கு வளைத்துவிட்ட கம்பியிற் சுமை நீங்கிய பின்னும் வளைவு எஞ்சும். ஈற்றுச் சுமை பூச்சியமாயினும், சுமை வந்த வழியை வடிவம் காட்டும். மரையாணியால் இறுக்கிய இணைப்பிலும் இறுக்கமே முதற்படி; புறச்சுமை இரண்டாம்படி. இவ்வொழுங்கை மாற்றின் கணிப்பு வேறோர் இணைப்பைப் பற்றியதாகிவிடும்.

எனினும் படியைச் சிறிதாக்குதல் எந்நோய்க்கும் மருந்தன்று. மேல்வளைந்த மெல்லிய ஓடு திடீரெனக் கீழ்மடியும் வேளையில், மேலுஞ் சிறிது சுமைக்கு அண்மையில் விடையே இராது. அத்தகைய நிலைக்குச் சுமையையும் பெயர்ச்சியையும் ஒருங்கே தேடும் முறையை 1979 இல் றிக்சு விளக்கினார்.

கணனி விடையொன்றைத் தந்தது என்பதனால் மட்டும் அது மெய்யாகாது. படிகளைக் குறுக்கி மீண்டும் கணித்து, விடை மாறாமை கண்ட பின்னரே பொறியியலாளர் அதனை ஏற்றல் தகும். அவ்விடையை நம்பிப் பாலத்தைக் கடப்போர் மனிதரன்றோ?