பிள்ளைப் பிராயம் – 9: கழுத்தில் தொங்கியவை

வட வேல்ஸில் பாலா ஏரியின் தென்மேற்கு ஓரம் லானுக்லின் என்றொரு ஊர். 1858இல் அங்கே ஒரு சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் ஓவன் மோர்கன் எட்வர்ட்ஸ். வீட்டில் வெல்ஷ் மொழி, ஆட்டுக்கிடையில் வெல்ஷ், கோயிலில் வெல்ஷ். ஆங்கிலம் என்பது அந்தப் பையனுக்கு எங்கோ தொலைவில் யாரோ பேசுகிற பாஷை. அதைத்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவன் பேசியாக வேண்டியிருந்தது.

பேசத் தெரியாமல் வெல்ஷில் வாய் திறந்த பிள்ளையின் கழுத்தில் கயிறு கட்டிய ஒரு சிறு மரப்பலகை விழும். ‘வெல்ஷ் நாட்’ என்று அதற்குப் பெயர். அடுத்து இன்னொரு பிள்ளை வெல்ஷ் பேசுவதைக் கேட்டுச் சொன்னால் பலகை அந்தக் கழுத்துக்கு மாறும். பள்ளி விடும் நேரத்தில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்குப் பிரம்படி. அடியைவிடக் கொடுமை, கூட விளையாடுகிறவனைக் காட்டிக்கொடுத்தால்தான் தப்பிக்கலாம் என்ற ஏற்பாடு. ஓவன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அதனால் பலகை தன் கழுத்திலேயே கிடந்தது என்று, 1906இல் வெளிவந்த தன் நினைவு நூலில் எழுதியிருக்கிறார்.

இது லண்டனிலிருந்து வந்த அரசாணை அல்ல. அந்தந்த ஊர் ஆசிரியர்கள் செய்தது. பல ஊர்களில் பெற்றோரும் இதற்குச் சம்மதித்தார்கள். பிள்ளை நாலு இடம் போய்ப் பிழைக்க வேண்டும், அதற்கு இங்கிலீஷ் வேண்டும் என்ற கவலைதான் காரணம். அந்தக் கவலையை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் அதற்கான விலையை ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் கொடுத்தார்கள் என்பதைப் படிக்கும்போது மனம் ஆறுவதில்லை.

அப்படியானால் இந்தப் பிள்ளைகள் தங்கள் மொழியில் எழுத்துக் கூட்டிப் படிக்க எங்கே கற்றார்கள்? வேல்ஸ் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு பள்ளி இருந்தது. ஓய்வுநாள் பள்ளி. நம்மூரில் அது சிறுவர்களுக்கு உரியது. வேல்ஸில் பெரியவர்களும் தங்கள் வகுப்புகளில் உட்கார்ந்து, வேதாகமத்தை வரி வரியாக வாசித்து விவாதித்தார்கள். தன்னை உருவாக்கியது அந்தப் பள்ளிதான் என்று எட்வர்ட்ஸ் நன்றியோடு சொல்கிறார்.

இதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் பாலாவில் வாழ்ந்த தாமஸ் சார்லஸ். 1800இல் அவரிடம் ஒரு வெல்ஷ் பைபிள் வாங்குவதற்காக மேரி ஜோன்ஸ் என்ற நெசவாளி மகள் மலைப்பாதையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்து வந்தாள். வயது 15. ஆறு வருஷம் காசு சேர்த்திருந்தாள். 1804இல் தொடங்கிய பிரிட்டிஷ் வேதாகமச் சங்கத்தின் கதையைச் சொல்கிறவர்கள் இவளிடமிருந்துதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. ஏழை வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்திக்கு அந்தக் காலத்தில் தன் மொழியில் வாசிக்கத் தெரிந்திருந்தது.

ஞாயிறு ஆராதனையில் பிள்ளைகள் ஒவ்வொருவராக முன்னே போய் வசனம் ஒப்புவிக்க வேண்டும். மனப்பாடம் செய்யாதவன் இருப்பதிலேயே சின்ன வசனமாகப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்புவான். இந்தப் பழக்கம் மேடைக்கும் போனது. ஊருக்கு ஊர் ‘ஐஸ்டெத்வொட்’ என்ற கலைவிழா நடக்கும். பாட்டு, கவிதை ஒப்புவித்தல், செய்யுள் இயற்றுதல் என்று போட்டிகள். ஜெயித்த பிள்ளையின் கழுத்தில், காசு போட்ட ஒரு சின்னத் துணிப்பையை நாடாவில் கோத்து மாட்டிவிடுவார்கள். பலகை தொங்கிய அதே கழுத்து. ஒரே வாரத்தில் இரண்டையும் சுமந்த பிள்ளைகள் இருந்திருக்கக்கூடும். எந்த ஊரிலும் குழந்தைகளின் உடம்பின் மேல் மொழிச் சண்டை இவ்வளவு வெளிப்படையாக நடந்து நான் படித்ததில்லை.

பலகை போன பிறகும் கிராமம் சுகவாசமாகிவிடவில்லை. கைர்நார்வனுக்கு அருகே மேட்டு நிலத்தில் இருக்கும் ரோஸ்கட்வனில் 1891இல் பிறந்தவர் கேட் ராபர்ட்ஸ். அப்பா பலகைக்கல் குவாரித் தொழிலாளி. கூலி போதாமல் வீட்டோடு சேர்ந்த துண்டு நிலத்தில் மாடு வைத்துக்கொள்வார்கள். குவாரியிலிருந்து வந்த அப்பா களைப்போடு வைக்கோல் வேலைக்குப் போவார், பிள்ளைகளும் உடன் போவார்கள். கல் விழுந்து செத்தவர்களின் பெயர்கள் அந்தப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். கேட்டின் தம்பி முதல் உலகப் போரில் காயம்பட்டு 1917இல் இறந்தான். அந்தத் துயரமே தன்னை எழுத வைத்தது என்றார் அவர். அவருடைய ‘ஹெதர் புதர் நடுவே தேநீர்’ (1959) சிறுமிகளைப் பற்றிய கதைகள்தான். ஆனால் முதல் கதையிலேயே சாவு வந்துவிடுகிறது.

தெற்கே ரீட்கமெரையில் 1885இல் பிறந்த டி. ஜே. வில்லியம்ஸ் இதற்கு நேர் எதிரான சுபாவம். அவருடைய ‘பழைய பண்ணை வீடு’ 1953இல் வந்தது. 68 வயதில் எழுதிய அந்த நூலின் மையம், அவர் ஆறு வயது வரை இருந்த வீடு! குதிரைகளின் குணம், அக்கம்பக்கத்தாரின் வம்சாவளி, யார் எப்படிச் சிரிப்பார் என்பது வரை கொட்டிக் கிடக்கிறது. அவர் பிறந்த பகுதியின் பண்ணைகள் பலவற்றில் பின்னால் வனத்துறை ஊசியிலை மரங்களை நட்டுவிட்டது. அது தெரிந்து படித்தால், இத்தனை நுணுக்கமாக அவர் ஏன் எழுதிவைத்தார் என்பது புரியும்.

அந்த நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் வால்டோ வில்லியம்ஸ் என்ற கவிஞர். வால்டோ 1904இல் பிறந்தது ஆங்கிலம் பேசும் வீட்டில். 1911இல் அப்பா மினாக்லாக்-தீ என்ற மலைக்கிராமத்துக்குத் தலைமையாசிரியராக மாறிப்போனார். ஏழு வயதுப் பையனுக்கு அங்கே விளையாடத் துணை வேண்டுமென்றால் வெல்ஷ் வேண்டும். பள்ளி முற்றத்தில் ஓடிப் பிடித்து விளையாடியே கற்றுக்கொண்டான். வெல்ஷ் மொழியின் இருபதாம் நூற்றாண்டுப் பெருங்கவிஞர்களில் ஒருவரைத் தந்தது அந்த முற்றத்துச் சிறுவர் கூட்டம். பிரம்போ பலகையோ இல்லாமல் ஒரு மொழி பிள்ளைக்குள் எப்படி இறங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அப்படிப்பட்ட முற்றங்களில் ஒன்று தண்ணீருக்குள் கிடக்கிறது. பாலாவிலிருந்து சில மைல் தூரத்தில் காப்பெல் கெலின். வெல்ஷ் மட்டுமே புழங்கிய ஊர். லிவர்பூல் மாநகராட்சி அங்கே நீர்த்தேக்கம் கட்டத் தீர்மானித்தது. 1956 நவம்பரில் ஊரார் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு லிவர்பூல் வீதிகளில் பதாகை பிடித்து நடந்தார்கள். பயனில்லை. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. 1963இல் பள்ளியை மூடினார்கள். கோயிலில் கடைசி ஆராதனையும் அந்த ஆண்டே. 1965இல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. லிவர்பூல் வருத்தம் தெரிவித்தது 2005இல். அந்த ஊர்வலத்தில் நடந்த பிள்ளைகள் அதற்குள் பாட்டி தாத்தா ஆகியிருந்தார்கள்.

பலகை சுமந்த ஓவன், 1907இல் வேல்ஸ் பள்ளிகளுக்கெல்லாம் தலைமை ஆய்வாளர் ஆனார். குழந்தைகளுக்கு வெல்ஷில் மாத இதழ் நடத்தினார். அவர் மகன் ஈவன் 1922இல் சிறுவர் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். 1939இல் அபெரிஸ்ட்வித் நகரில் ஏழு பிள்ளைகளோடு வெல்ஷ் வழிப் பள்ளியும் திறந்தார். இன்று அப்படிப்பட்ட பள்ளிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆனால் 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவதாகச் சொன்னவர்கள் 17.8 சதவீதம்தான். நகரத்தில் பள்ளிகள் பெருகும்போது, மலைக்கிராமங்களில் வீடுகள் விடுமுறை வீடுகளாகி, சேர்க்கப் பிள்ளைகள் இல்லாமல் சின்னப் பள்ளிகள் மூடப்படுகின்றன. வகுப்பறை மொழியைக் கற்றுக்கொடுத்துவிடும். வால்டோவுக்குக் கிடைத்த முற்றத்தை எங்கே போய்க் கட்டுவது என்று அங்கே ஊராட்சிக் கூட்டங்களில் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் குவாரி ஊரான பெதெஸ்டாவுக்குப் போவோம். 1900இல் தொடங்கி மூன்று ஆண்டு நீடித்த வேலைநிறுத்தம் அங்கே வீட்டுக்கு வீடு பகையை விதைத்துவிட்டுப் போயிருந்தது. அது ஓய்ந்த மறுவருஷம் பிறந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனைக் குவாரிக்குப் பறிகொடுத்தவர் எழுத்தாளர் கராடோக் பிரிச்சர்ட்.

(தொடரும்)