பின்சர் வனத்திலே

மலைநடையில் விருப்பமுள்ள நண்பர்கள் விடுமுறையில் குமாவோன் மலையில் அல்மோராவை அடுத்துள்ள பின்சர் வனத்துக்குச் சென்று வரலாம். 1988-இல் சரணாலயமாக்கப்பட்ட இவ்வனம் ஏறத்தாழ 47 சதுர கிலோமீட்டரே.

தாழ்விடங்களில் பைன் மரங்கள். மேலே ஏறஏற ஓக் மரங்கள். வேறுபாட்டைக் கால்களே உணரும். பைன் சருகு வழுக்கும். ஓக் நிழலில் மண் ஈரங்காத்து மெத்தென்றிருக்கும். 'ஜீரோ பாயிண்ட்' என்னும் மேட்டில், வானம் தெளிந்திருந்தால், நந்தாதேவி, திரிசூல் சிகரங்கள் தோன்றும்.

சிறுத்தை உண்டு, கண்ணிற் படுவது அரிது. அதன் வரவைக் கேளையாடு நாய்போற் குரைத்து அறிவிக்கும். அக்குரல் கேட்க வாய்மூடி நடத்தல் வேண்டும். நம்மவர் கூட்டமாய்ச் சென்றால் அஃது எளிதன்று!

கோடையில் பைன் சருகு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். 2024 ஜூனில் இங்குத் தீயணைக்கச் சென்ற வனப் பணியாளர் சிலர் மாண்டனர். புகைபிடிக்கும் நண்பர்கள் தீப்பெட்டியை விடுதியிலேயே விட்டுச் செல்வார்களாக.