தலையாட்டி பொம்மையும் தலைக்கனமும்

“ஏண்டா, மெக்கானிக்கல் படிக்கிறே, லேத்து ஓட்டுறே... அப்புறம் உனக்கு எதுக்குடா களிமண்ணு?”

விடுதி அறையில் என் கட்டிலுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் வாளியை இழுத்துப் பார்த்துவிட்டு என் அறை நண்பன் கேட்ட கேள்வி இது. அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவை நண்பர்கள் கேட்டபோது, அவனுக்குச் சொல்லாமல் விட்ட பதிலையே எழுதிவிடலாம் என்று தோன்றியது. இதில் கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும்.

எங்கள் ஊர் திருவையாற்றுப் பக்கம். என் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். பொம்மை செய்வது அவருக்குப் பிழைப்பு இல்லை, பிரியம். ஆடிக்காற்று அடங்கியதும் திண்ணையில் பழைய செய்தித்தாளும் களிமண்ணும் பசைச் சட்டியும் வந்து உட்கார்ந்துவிடும். நவராத்திரிக் கொலுவுக்கு ஒரு ராஜாவும் ராணியும் தயாராகும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஒன்றிரண்டு போகும். ஆறாம் வகுப்பிலிருந்து அவருக்குப் பசை காய்ச்சிக் கொடுக்கும் எடுபிடி நான்தான்.

தள்ளினாலும் எழும் ரகசியம்

தஞ்சாவூர் என்றாலே பெரிய கோயிலுக்கு அடுத்தபடியாக வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது தலையாட்டி பொம்மைதான். 2008-09-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்புகார் விற்பனை நிலையங்களில் பார்த்திருப்பீர்கள். இதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, நாட்டியக்காரி பொம்மை. பாவாடை, உடம்பு, தலை எல்லாம் தனித்தனிப் பாகங்கள். ஒவ்வொன்றும் உள்ளே ஒரு கம்பி முனையில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு பாகத்தின் எடை மையமும் அது உட்காரும் முனைக்குக் கீழே இருப்பதால், லேசாகத் தட்டினால் ஊஞ்சல் மாதிரி ஆடிவிட்டுத் தன் இடத்துக்கு வந்துவிடும்.

இன்னொன்று, தாத்தா செய்த ராஜா ராணி. அடிப்பாகம் அரைக்கோள வடிவில் கனமான களிமண். மேல்பாகம் உள்ளே ஒன்றுமில்லாத காகிதக் கூடு. எப்படித் தள்ளினாலும் சாய்ந்து, ஆடி, நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

இது ஏன் எழுகிறது? உருண்டையான அடிப்பாகம் தரையில் எப்படிச் சாய்ந்தாலும் அந்த அரைக்கோளத்தின் மையப்புள்ளி தரையிலிருந்து ஒரே உயரத்தில்தான் இருக்கும். பொம்மையின் மொத்த எடை மையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருந்தால், சாய்க்கும்போது எடை மையம் மேலே ஏறுகிறது. விட்டவுடன் இறங்கப் பார்க்கிறது, பொம்மை எழுந்துவிடுகிறது. எடை மையம் அந்தப் புள்ளிக்கு மேலே போய்விட்டால் கதை தலைகீழ். சாய்ந்த பொம்மை சாய்ந்ததுதான். ஆக, எல்லாமே அந்த ஒரு புள்ளிக்குக் கீழா, மேலா என்பதில்தான் இருக்கிறது.

இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குத் தெரியாது. தாத்தாவுக்கும் இந்தப் பாஷையில் தெரியாது.

ஆர்வம் போன கதை

பத்தாம் வகுப்பு படிக்கும்போது என் கை தேறிவிட்டதாக எனக்கே ஒரு நினைப்பு. தாத்தா தலையையும் காகிதத்தில்தான் செய்வார். அச்சில் காகிதத்தை ஒட்டி ஒட்டி எடுத்தால் மூக்கும் கண்ணும் கொஞ்சம் மழுங்கலாகத்தான் வரும். நான் தலையை மட்டும் களிமண்ணில் பிடித்தேன். மூக்கு கூர்மையாக, உதடு செதுக்கின மாதிரி வந்தது. பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

“மூஞ்சி அழகா இருக்குடா தம்பி. ஆனா கனம் ஜாஸ்தி. எந்திரிக்காது.”

கிழவருக்குக் கண் மங்கிவிட்டது, மூஞ்சியின் அழகு எங்கே தெரியப்போகிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தத் தை மாதம் தாத்தா போய்விட்டார்.

அடுத்த நவராத்திரிக்கு அம்மா, “தாத்தா இல்லேன்னு கொலு நிக்கக் கூடாதுப்பா, நீ செய்” என்றாள். நான் பத்து பொம்மை செய்தேன். எல்லாவற்றுக்கும் களிமண் தலை. அத்தனையும் லட்சணமான முகங்கள்! வர்ணம் காய்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். இரண்டுதான் எழுந்தன. மற்ற எட்டும் படுத்தே கிடந்தன. அவசரத்துக்கு அடியில் மடித்த துணியை முட்டுக் கொடுத்துக் கொலுப்படியில் நிறுத்தி வைத்தேன்.

பக்கத்து வீட்டுக் குழந்தை வந்து ஒன்றைத் தள்ளிவிட்டது. பொம்மை துணியிலிருந்து உருண்டு படுத்துக்கொண்டது. “ராஜா தூங்கிட்டாரா?” என்று குழந்தை கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். சுண்டலை வாயில் போட்டுக்கொண்டே மாமா, “அந்தக் கை தாத்தாவோடவே போச்சு” என்றார். வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. எட்டுப் பொம்மைகளையும் அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினேன். பசைச் சட்டியைக் கவிழ்த்து வைத்தேன்.

அப்புறம் பாலிடெக்னிக், டிராயிங் ஷீட்டு, ரெக்கார்டு நோட்டு. நேரம் இல்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். நிஜம் அதுவல்ல. நேரம் கிடைத்த அன்றும் களிமண்ணைத் தொட மனசு வரவில்லை. தோற்றுப்போன இடத்துக்குத் திரும்பிப் போக யாருக்குத்தான் பிடிக்கும்?

கரும்பலகையில் ஒரு பொம்மை

இரண்டாம் ஆண்டு. எடை மையம் பற்றிய வகுப்பு. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு அரைக்கோளம் வரைந்து, அதன் மேல் அதே விட்டத்தில் ஒரு கூம்பை வரைந்தார். இரண்டும் ஒரே பொருள், உள்ளே கெட்டியானவை. கூம்பு எவ்வளவு உயரம் வரை இருந்தால் இது சாயாமல் நிற்கும் என்பது கணக்கு. அரைக்கோளத்தின் எடை மையம் தட்டைப் பரப்பிலிருந்து ஆரத்தில் எட்டில் மூன்று பங்கு கீழே. கூம்பின் எடை மையம் அதே பரப்பிலிருந்து உயரத்தில் கால் பங்கு மேலே. போட்டுப் பார்த்தால், கூம்பின் உயரம் ஆரத்தைப்போல 1.732 மடங்குக்குள் இருக்க வேண்டும் என்று விடை வந்தது.

எல்லாரும் விடையை எழுதிக்கொண்டார்கள். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரைக்கோளத்தின் மேல் கூம்பு... மீசை ஒன்றுதான் குறைச்சல். அது தாத்தாவின் ராஜா!

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போய்ப் பரணில் ஏறினேன். எட்டுப் பொம்மைகளின் கழுத்தையும் ஹாக்ஸா பிளேடால் அறுத்தேன். “என்னடா, ராஜா தலையெல்லாம் வாங்குறே?” என்று அம்மா பதறினாள். ஒவ்வொரு பாகத்தையும் எடை போட்டேன்.

அடிப்பாகத்தின் ஆரம் 5 செ.மீ., எடை 440 கிராம். அதன் எடை மையம் தட்டைப் பரப்புக்குக் கீழே 1.875 செ.மீ. இரண்டையும் பெருக்கினால் 825. இது பொம்மையை எழுப்பும் பக்கம்.

காகித உடம்பு 60 கிராம், உயரம் 12 செ.மீ. உள்ளே வெற்றாக இருக்கும் கூம்பு என்பதால் எடை மையம் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது 4 செ.மீ.யில். பெருக்கினால் 240. தலையின் நடு தட்டைப் பரப்பிலிருந்து 14 செ.மீ. உயரத்தில். என் களிமண் தலை சுமார் 50 கிராம். பெருக்கினால் 700. ஆக, விழத்தாட்டும் பக்கம் மொத்தம் 940.

825 எங்கே, 940 எங்கே! அது எப்படி எழும்?

கணக்கைத் திருப்பிப் போட்டேன். 825-இல் உடம்பின் 240 போக மீதி 585. அதை 14-ஆல் வகுத்தால் 41 கிராமும் சொச்சமும். தலை அதற்கு மேல் போனால் ராஜா தூங்குவார், உள்ளே இருந்தால் எழுவார். அறுத்த எட்டுத் தலைகளில் 46 கிராமுக்குக் குறைந்தது ஒன்றுகூட இல்லை. எழுந்த இரண்டும் நான் கொஞ்சம் சின்னதாகப் பிடித்த தலைகள். தாத்தா உள்ளங்கையில் தூக்கிப் போட்டுச் சொன்னது இதைத்தான்.

இரண்டு மில்லிமீட்டர்

தாத்தா கடைசியாகச் செய்த ராஜா எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறார். அவரை அறுக்க மனசு வரவில்லை. படுக்கை வசமாக நூலில் கட்டித் தொங்கவிட்டேன். முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த இடத்தில் சமமாக நிற்கிறது என்று பார்த்தேன். அரைக்கோளத்தின் விளிம்புக் கோட்டிலிருந்து கீழே வெறும் 2 மி.மீ.!

ஏன் இவ்வளவு நெருக்கம்? தலையை 20 கிராமில் செய்தால் எடை மையம் கிட்டத்தட்ட 6 மி.மீ. கீழே போய்விடும். பொம்மை கட்டாயம் எழும். ஆனால் வெடுக் வெடுக்கென்று ஆடி நின்றுவிடும். 34 கிராமில் செய்தால் 2 மி.மீ.தான் மிச்சம். விழுந்துவிடுமோ என்று நாம் பயப்படும் அளவுக்குச் சாய்ந்து, மெதுவாக, ராஜ நடையில் தலையாட்டி எழும். தாத்தா கணக்கு எழுதிப் பிழைத்தவர். ஆனால் இதற்கு அவர் பேனாவைத் தொட்டதில்லை. கைதான் தராசு.

அன்று ராத்திரியே பசை காய்ச்சினேன். மரவள்ளி மாவுக் கஞ்சியில் பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில் துத்தம் சேர்ப்பது வழக்கம். (அது விஷம். செய்து பார்ப்பவர்கள் கையை நன்றாகக் கழுவ வேண்டும். சமையல் பாத்திரத்தில் காய்ச்சவே கூடாது.) முதல் முயற்சி தோல்விதான். அவசரப்பட்டு அடிப்பாகத்தை உச்சி வெயிலில் காயவைத்தேன். வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கியது, உள்ளே ஈரம் சுருங்கவில்லை, நடுவில் வெடித்துவிட்டது. ஆனால் இந்த முறை கோபம் வரவில்லை. ஏன் வெடித்தது என்று தெரிந்தபோது அது தோல்வி மாதிரியே இல்லை. அடுத்ததை ஒரு வாரம் நிழலில் காயவிட்டேன். தலையைக் காகிதத்தில் செய்தேன். சுண்ணாம்புத் தூள் பூச்சும் வர்ணமுமே சில கிராம் ஏற்றிவிடும் என்பதால் 28 கிராமில் நிறுத்தி, எல்லாம் பூசிய பிறகு 34-க்குக் கொண்டு வந்தேன்.

தள்ளினேன். சாய்ந்தது. எழுந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை தள்ளிப் பார்த்தாள். அப்புறம் இன்னொரு முறை.

உலகமெல்லாம் எழும் பொம்மைகள்

நம் ஊரில் மட்டுமல்ல. ஜப்பானில் தருமா என்று சிவப்பு உருண்டைப் பொம்மை உண்டு. ஏழு முறை விழுந்தாலும் எட்டாம் முறை எழு என்பது அதோடு சேர்த்துச் சொல்லும் வாக்கு. ரஷ்யாவில் நெவல்யாஷ்கா. எல்லாவற்றிலும் அடியில் கனம் வைத்திருப்பார்கள்.

கனம் எதுவும் வைக்காமல், முழுக்க ஒரே பொருளால், குழிவே இல்லாத ஒரு வடிவம் செய்து, அது எப்படி வைத்தாலும் ஒரே நிலைக்கு எழுந்து வருமாறு செய்ய முடியுமா? ஒரே ஒரு நிலையான சமநிலையும் ஒரே ஒரு நிலையற்ற சமநிலையும் கொண்ட அப்படியொரு வடிவம் இருக்கக்கூடும் என்று 1995-இல் ரஷ்யக் கணித அறிஞர் விளாதிமிர் ஆர்னோல்டு கருத்துச் சொன்னார். ஹங்கேரியைச் சேர்ந்த கேபோர் டோமோகோஷ், பீட்டர் வார்கோனி இருவரும் 2006-இல் அதைச் செய்தே காட்டினார்கள். அதன் பெயர் கோம்போட்ஸ். நம் திண்ணைப் பொம்மைக்குள் இருக்கும் கேள்வி பெரிய கணித அறிஞர்களையும் உட்காரவைத்த கேள்வி என்று அறிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நண்பர்களே, வீணை தேய்த்தவர், நெட்டி செதுக்கியவர், கோரைப்பாய் முடைந்தவர் என்று நம் வகுப்பிலும் பலர் வீட்டில் ஒரு கைவேலை இருந்திருக்கும். பாதியில் விட்டிருப்பீர்கள். மனசு வரவில்லை என்றால் வலுக்கட்டாயமாக உட்கார வேண்டாம். கடைசியாகச் செய்து கெட்டுப்போனதை மட்டும் பரணிலிருந்து இறக்குங்கள். நம்மிடம் தராசு இருக்கிறது, வெர்னியர் இருக்கிறது. அது ஏன் கெட்டது என்று மட்டும் பாருங்கள். எனக்கு ஆர்வம் அந்த வழியாகத்தான் திரும்பி வந்தது.

என் அறை நண்பனுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டிலுக்கு அடியில் வாளி இருப்பது இந்த வருஷக் கொலுவுக்காக. மாமா வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் தள்ளிப் பார்க்கட்டும் என்று ஒரு ராஜா செய்துகொண்டிருக்கிறேன். மூக்கு கொஞ்சம் மழுங்கல்தான். பரவாயில்லை. தலைக்கனம் இல்லை, எழுந்துவிடுவார்.